நாலாவது மூலை

"சிவக்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னீங்களா?"

"நான் சொல்றதைக் கேளுடி, இரும்பா இருந்தா..."

"இரும்பா இருந்தா சிவக்கும். இது இரும்பா?"

"...சிவந்ததும் கையை எடுத்திருப்பேன். இது வெள்ளையாவே நின்னுச்சு. நின்னுச்சு, நின்னுச்சு, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்..."

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க, அது வழிஞ்சு உங்க செருப்பு மேலயே விழுந்திருக்கு."

"என்னை முழுசாப் பேச விடறியா?"

"மூலையை முடிச்சுட்டீங்க. பேச்சையும் முடிங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் அடியில் புகுந்த வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அலுமினிய மேடை. மேல் சட்டத்துக்கு நான்கு மூலைகள். மூன்றில் வெல்டிங் தையல் போட்டதுபோல் சீராக ஓடியிருந்தது. நான்காவது மூலை நாய் நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே தரையில் கெட்டியாகிப்போன இரண்டு வெள்ளிச் சொட்டுகள், செருப்பில் ஒன்று.

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மாலை நான்கு மணிக்கு மேடையைப் பார்க்க மியூசியத்திலிருந்து மேடம் வருவதாக இருந்தது.

"அந்தா மெஷின் இருக்கு. கரண்ட் இருக்கு. இதெல்லாம் விட்டுட்டு ஏங்க கேஸ் டார்ச்சை எடுத்தீங்க?"

"என் டார்ச் முப்பது வருஷமா என்னைக் கைவிட்டதில்ல."

"இன்னைக்குக் கால்ல விட்டிருக்கு."

அவர் செருப்பைத் தரையில் தேய்த்தார். சொட்டு வரவில்லை.

முப்பது வருஷமாக அந்தத் தெருவில் அவர் 'மாஸ்டர்'. கேட், கிராதி, மாடிப்படி, லாரியின் அடிச்சட்டம், எது முறிந்தாலும் அவரிடம்தான் வரும். அவளுக்கு அப்போது 'மாஸ்டர் வீட்டம்மா' என்று பெயர். குழாயின் மறுமுனையைப் பிடிப்பாள். சாக்பீஸால் அளவு குறிப்பாள். ஒட்டு ஆறியதும் சுத்தியால் கசடு தட்டுவாள். பற்ற வைக்கும்முன் அவர் ஒவ்வொரு முறையும் "கண்ணை மூடிக்கோ" என்பார், மூடிக்கொள்வாள். பட்டறையில் வெல்டிங் முகமூடி ஒன்றுதான் இருந்தது. அப்படி இருபது வருஷம் கண்ணை மூடியிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அலுமினியம் ஒட்டும் மெஷின் வாங்கினார்கள். மெஷின் விற்றவர்கள் இரண்டு பேருக்கு மூன்று நாள் பயிற்சி இலவசம் என்றார்கள். இரண்டாவது நாற்காலி காலியாக இருப்பானேன் என்று அவர்தான் அவளைக் கூட்டிப்போனார்.

"சார், சிவக்கிறதுக்குக் காத்திருக்காதீங்க," என்று முதல் நாளே சொன்னான் பயிற்சி கொடுத்தவன். "உங்களுக்கு இரும்புக் கை. மேடம் கை புதுசு, சொன்னது சொன்னபடி கேக்குது. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு மேடம் பண்றதைப் பாருங்க."

தள்ளி நின்று பார்த்தார். அவள் முகமூடியை இறக்கினாள். அலுமினியம் கண்ணாடித் துளி போல் மினுங்கியதும் ஒட்டுக் கம்பியால் தொட்டாள், எடுத்தாள், நகர்ந்தாள், மறுபடி தொட்டாள். அவன் "அட்டகாசம் மேடம்!" என்றான். மூன்றாம் நாள் மாஸ்டருக்குத் தலைவலி வந்துவிட்டது. போகவில்லை. அவள் போனாள். அந்தத் தலைவலி இன்றுவரை முழுசாக விட்டபாடில்லை.

அதற்குப் பிறகு போன் எடுத்தால் "அக்கா இருக்காங்களா?" என்கிறார்கள். இல்லை, நான் இருக்கிறேன் என்றால் "பரவால்ல, அப்புறம் கூப்பிடறோம்" என்கிறார்கள். தெருவில் அவளுக்கு 'அலுமினிய அக்கா' என்று பெயர் வந்தது. போன மாதம் கொரியர்காரன் பொட்டலத்தை நீட்டி, "அலுமினிய அக்கா வீட்டுக்காரர்தானே நீங்க?" என்று கேட்டான். கையெழுத்துப் போடும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

அவளுடைய கம்பி பிரஷ்ஷின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். இரும்பைத் தேய்த்த பிரஷ் அலுமினியத்தில் படக்கூடாதாம், ஒட்டு பிடிக்காதாம். "பிரஷ்ஷுக்குக்கூடத் தனிக்குடித்தனம் வச்சுட்டா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது அவர் கண் அந்த நூலின் மேலேயே இருக்கும்.

பிறகு மியூசியம் வேலை வந்தது. உலோகங்களுக்கென்று ஒரு புது அறை. செம்புக்கு ஒரு மேடை, வெண்கலத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று. அந்தந்த மேடை அந்தந்த உலோகத்தாலேயே செய்யப்பட வேண்டும். மேடைக்கு ஒரு தகடு, தகட்டுக்கு ஒரு பெயர். கடைப் பெயர் கூடாது, செய்த ஆளின் பெயர் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரும்பு மேடையை மாஸ்டர் செய்து, தகடும் ஏறிவிட்டது. ஸ்க்ரூ சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று மூன்று முறை போய் அதைத் துடைத்துவிட்டு வந்தார்.

மூன்றாவது முறை போனபோதுதான் தெரிந்தது. இரும்பு கதவுக்குப் பின்னால் இருந்தது. அலுமினியத்துக்கு ஜன்னலோரம், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம்.

அன்று சாயங்காலம் அவருடைய அக்கா போன் செய்தாள். "தம்பி, உன் பொண்டாட்டி பேரு மியூசியத்துல வருதாமே! இனிமே உன்னை நாங்க எப்படிச் சொல்லி அறிமுகப்படுத்தணும்?"

"என் பேரும் அங்க இருக்குக்கா."

"ஓ, உன் பேருமா?"

அந்த 'உம்' காதில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் மூன்று மூலைகளை முடித்தபோது கரண்ட் போனது. நாலாவதை ஞாயிறு சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றாள். ஞாயிறு மதியம் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கீழே இறங்கினார். கணக்கு எளிமையானது. ஒரு மூலையிலாவது தன் கை பட்டால் அது இருவர் செய்த மேடை. தகட்டிலோ ஒரு பெயருக்குத்தான் இடம். அப்புறம் மாஸ்டர் யார், உதவியாள் யார் என்று யாராவது கேட்கவா போகிறார்கள்? அவளுடைய மெஷினைத் தொட மனசு வரவில்லை. டார்ச்சைப் பற்ற வைத்தார். சிவக்கும் என்று காத்திருந்தார்.

"தள்ளுங்க," என்றாள் இப்போது. "மூலையை வெட்டி எடுத்துட்டு வேற துண்டு வைக்கிறேன். ரெண்டு மணி நேரம் இருக்கு."

"நான் வெட்டித் தரேன்."

"வேணாம். நீங்க ஒண்ணும் செய்யாம இருங்க, அதுவே பெரிய உதவி."

"என்னடி, உன் புருஷன்னுகூடப் பாக்காம..."

"புருஷன்னு பாத்ததாலதான் சத்தம் போடாம பேசறேன். கண்ணை மூடிக்கோங்க."

அவள் முகமூடியை மாட்டியபோது ஷட்டரின் அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஷட்டர் தட்டப்பட்டது.

"உள்ள வரலாமா? சீக்கிரம் வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. தகடு செதுக்கறவர் அஞ்சு மணிக்குக் கடையைச் சாத்திடுவாராம், பேரை இப்பவே எழுதித் தரணும்."

மியூசியம் மேடம் குனிந்து உள்ளே வந்தார். குட்டையான உருவம், கழுத்தில் அளவு டேப், கக்கத்தில் அட்டைக் கோப்பு. நிமிர்ந்தவர் பார்வை நேராக நாலாவது மூலையில் போய் நின்றது.

"ஐயையோ. இது என்னாச்சு?"

மாஸ்டர் வாய் அவரைக் கேட்காமலேயே திறந்தது. "பழக்கம் பத்தல மேடம். அவ இப்பத்தானே கத்துக்கிட்டா. நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் முகமூடியை மெதுவாகக் கழற்றினாள். அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷ இல்லறத்தில் அவள் ஒன்றும் சொல்லாத சமயங்களை அவர் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மேடம் மூலையருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தொங்கிய நாக்கை விரலால் தொட்டார். மறுபடி தொட்டார். முகம் மலர்ந்தது.

"இதை வெட்டிடாதீங்க."

"வெட்டாம எப்படி மேடம்? மேல வைக்கிற கண்ணாடிப் பெட்டி இதுல உக்காராது," என்றாள் அவள்.

"பெட்டியைச் சின்னதா மாத்திக்கிறேன். எனக்கு இது வேணும். ரெண்டு மாசமா நான் மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். செம்பு ஆயிரக்கணக்கான வருஷமா நம்மகிட்ட இருக்கு. இரும்பும் அப்படித்தான். அலுமினியம் மட்டும் எல்லார் கைக்கும் வந்து நூத்தி சொச்சம் வருஷம்தான் ஆச்சு. ஏன்னு எழுதணும். ஏழு தடவை எழுதிட்டேன். எங்க ஆபீஸ் ஆளுங்களே ரெண்டாவது வரியில கொட்டாவி விடறாங்க."

"எங்கேயோ தூரமா கிடைச்சிருக்கும். அதான் லேட்டு," என்றார் மாஸ்டர்.

"தூரமா? உங்க வாசல்ல இருக்குற களிமண்ணுல இருக்கு. செங்கல்ல இருக்கு, பூந்தொட்டியில இருக்கு. பூமியோட மேல் தோல்ல இதைவிட அதிகமா வேற எந்த உலோகமும் கிடையாது, இரும்புகூடக் கிடையாது. அத்தனை காலம் ஜனங்க அது மேலதான் நடந்திருக்காங்க. அது அங்க இருக்குறதே யாருக்கும் தெரியல."

"கூடவே இருந்திருக்கு," என்றாள் அவள்.

"கூடவே. ஆனா தனியா இருக்காது, ஆக்சிஜனோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். இரும்பும் மண்ணுல அப்படித்தான் இருக்கும். ஆனா கரியைப் போட்டு ஊதினா, கரி அந்த ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துக்கும், இரும்பு வெளிய வந்துரும். இதுகிட்ட அந்த உலைக்கரியோட பருப்பு வேகாது. பிடிச்ச பிடியை விடாது."

"யாரு யாரைப் பிடிச்சிருக்கா மேடம்? இது ஆக்சிஜனையா, ஆக்சிஜன் இதையா?"

மேடம் சிரித்தார். "ஒண்ணையொண்ணுதான்மா. வெளிய இருந்து பாக்கறவங்களால சொல்ல முடியாது."

"அது எங்களுக்குத் தெரியும்," என்றாள்.

மாஸ்டருக்குப் பேச்சு இடித்தது. ஆனாலும் விஷயம் அவருடைய நெருப்பைப் பற்றியது. "இன்னும் ஊதியிருக்கணும் மேடம். துருத்தி பத்தியிருக்காது."

"அதேதான் மாஸ்டர்! எல்லாரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. செம்பு மசிஞ்சுது, இரும்பு மசிஞ்சுது, இது மட்டும் மசியாமலா போகும்னு. நெருப்பு போதாதுங்கறது நெருப்பைப் பழக்கினவங்களுக்கே கடைசியாத்தான் புரியும்."

"அப்புறம் எப்படித்தான் எடுத்தாங்க?"

"இருநூறு வருஷம் முன்னாடி ரசாயனம் கலந்து துளித்துளியா எடுத்தாங்க. குண்டூசித் தலை அளவு. அவ்வளவு பாடுபட்டு எடுத்ததால அதுக்கு நகை மாதிரி மவுசு. ஒரு பேரரசர் தன்னோட பெரிய விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி வச்சு, மத்தவங்களுக்குத் தங்கக் கரண்டி வச்சாருன்னு ஒரு கதை சொல்வாங்க. நடந்துச்சோ என்னவோ."

"தங்கம் கிடைச்சவனுக்கு வயிறு எரிஞ்சிருக்கும்," என்றார் மாஸ்டர்.

"உங்களுக்குத் தெரியாததா," என்றாள் அவள், பிரஷ்ஷின் சிவப்பு நூலை இறுக்கிக் கட்டியபடி.

"கடைசியில கரண்ட்டுதான் மாஸ்டர் பிடியை விட வச்சுது. உருக்கின ஒரு கல்லுக்குள்ள அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த வெள்ளைப் பொடியைக் கரைச்சு, கரண்ட்டைப் பாய்ச்சினாங்க. ரெண்டு இளவட்டம், வேற வேற நாடு, ஒரே வருஷம். ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாது."

"பேரு யாருக்குப் போச்சு?" மாஸ்டர் சட்டென்று கேட்டார்.

"ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் அந்த முறைக்கே பேரு."

"தகடு பெருசா இருந்திருக்கும்," என்றாள் அவள்.

மேடம் கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார். "இந்த மூலையை அப்படியே வைக்கப்போறேன். இதைப் பாத்தா, இரும்புக்கு ஒத்து வர்ற நெருப்பு இதுகிட்ட ஒத்து வராதுன்னு ஒரு சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும். பக்கத்துல பெரிய தகடு. இரும்புக்கு வச்சதைவிட ரெண்டு மடங்கு. 'இதை உருக்கியவர்'னு போட்டு, பேரு, ஒரு போட்டோ. வர்றவங்க எல்லாரும் முதல்ல நிக்கிறது இங்கதான் இருக்கும்." அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேரை எழுதிக்கட்டுமாம்மா?"

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"எழுதிக்கோங்க மேடம்," என்றாள் அவள். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மேடம் எழுதினார். பெயரை அழகாக, கொட்டை எழுத்தில் எழுதினார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ரெண்டு மடங்கு தகடு. ஜன்னலோரம். போட்டோ வேறு. அக்கா அதன் முன்னால் நின்று போன் செய்வது காதிலேயே கேட்டது.

"எப்படி உருகுச்சுன்னும் நாலு வரி வேணும்மா. நீங்களே சொல்லுங்க."

"பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருந்தவரு அவருதானே மேடம். அவரே சொல்லட்டும்."

"சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "கேஸ் டார்ச்... தீயைச் சின்னதா வச்சுதான் ஆரம்பிச்சது. இரும்புன்னா முதல்ல மங்கலாச் சிவக்கும், அப்புறம் நல்ல சிவப்பு, அப்புறம் மஞ்சள், கண்ணுல பாத்தே சூட்டைச் சொல்லிடலாம். இது ஒரு நிறமும் காட்டல. இன்னும் சூடு ஏறலைன்னு நினைச்சு தீயைக் கூட்டி... மேல தோல் அப்படியே கெட்டியா நிக்குது மேடம், உள்ள மட்டும் தண்ணியாகியிருக்கு, வெளிய ஒண்ணுமே தெரியல. டக்குனு மொத்தமா இறங்கிடுச்சு. கையில அந்தக் கனம் போனது இன்னும்..."

நிறுத்தினார். தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் எழுதுவதை நிறுத்தி, பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். "ஆனா அம்மா ரெண்டு வருஷமா அலுமினியம்தானே பண்றாங்க. அவங்க எதுக்கு டார்ச் எடுக்கணும்? சிவக்கும்னு ஏன் காத்திருக்கணும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன் மேடம்," என்றாள் அவள்.

மேடம் பார்வை மெதுவாகக் கீழே போய் மாஸ்டரின் செருப்பில் மின்னிய சொட்டில் நின்றது.

"நான்தான்," என்றார் மாஸ்டர். மெதுவாகச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. "நான்தான் மேடம்! அவளுக்கு இப்படியெல்லாம் உருக்கத் தெரியாது. முப்பது வருஷம் இரும்பு பண்ணினவனாலதான் இப்படி உருக்க முடியும். அவ மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா, வேணும்னா கொடியைப் போய்ப் பாருங்க. காத்திருந்தது நான், உருக்கினது நான். அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க."

"கொஞ்ச நேரம் முன்னாடி அவங்கன்னு சொன்னீங்களே?"

"அது... அப்ப உருகினது தப்புன்னு நினைச்சேன்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மேடம் முதலில் எழுதிய பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே மாஸ்டரின் பெயரை எழுதினார். இரும்பு மேடைக்கு எழுதிப் பழகிய பெயர், எழுத்து சரியா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, போட்டோவுக்கு எங்கே நிற்பது என்று பார்த்தார்.

அவள் மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முதல் மூலையைச் சிவப்பு நூல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தாள், பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. மூன்றாவதில் கை வைத்தபடி நின்றாள்.

"சரிங்க, உருக்கினதுக்கு உங்க பேரு. உருகாம நிக்கிற இந்த மூணு மூலைக்கு யாரு பேரு?"